திருகணையில் ஒரு நத்தார் வளையம்

"மலர்வளையம்" என்ற சொல்லைக் கேட்டவுடன் எம்மவர் மனதில் எழுவது நத்தார் அல்ல, செத்தவீடுதான். சங்கத்தின் பெயரையோ பாடசாலையின் பெயரையோ எழுதிய துண்டுடன், பேழையின் அருகே சாத்தி வைக்கப்படும் வளையமே எமக்குப் பழக்கமானது. ஆகவே நத்தார்க் காலத்தில் வீட்டு வாசலில் ஒரு வளையம் கட்டலாம் என்று நாம் பேச்செடுத்தால், அந்த வீட்டில் மூத்த அம்மா ஒருவர் முகத்தைச் சுழிப்பார். "சுவாமி, நல்லநாள் பெருநாளில் அதைக் கொண்டுவந்து வாசலிலை தூக்கிறதோ?" என்று கேட்பார். போரிலும் இடப்பெயர்விலும் ஆட்களைப் பறிகொடுத்த குடும்பங்களில் இந்தக் கேள்விக்கு இன்னும் கனம் அதிகம். அதற்கு மறுமொழி சொல்லாமல் செய்முறைக்குப் போவது முறையல்ல.

மறுமொழி எமது ஊர்த் தோரணத்திலேயே இருக்கிறது. கலியாண வீட்டுப் பந்தலிலும் குருத்தோலைத் தோரணம். செத்தவீட்டுப் பந்தலிலும் குருத்தோலைத் தோரணம். ஓலை ஒன்றுதான், மடிப்புத்தான் வேறு. மங்கலத் தோரணம் எது, அமங்கலத் தோரணம் எது என்பதை எமது ஊரவர் மடிப்பைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். ஓலையில் இத்தனை நுட்பமாகப் பிரித்தறியத் தெரிந்த மக்களுக்கு வளையத்திலும் அப்படியே பிரித்தறிய முடியும். வெள்ளைப் பூவும் பெயர்த்துண்டும் வைத்தால் அது இறந்தவருக்குரியது. பச்சைக் குழையும் சிவப்பும் வைத்துப் படலையில் கட்டினால் அது வீட்டுக்கு வருகிறவருக்குரியது. மேல்நாடுகளிலும் இந்த இரண்டு வழக்கமும் அருகருகே இருப்பவைதான். பழைய கிரேக்க நாட்டில் ஒலிம்பியாவில் ஓடி வென்றவனுக்குப் பரிசாகக் கொடுத்ததும் ஒலிவ இலை வளையமே.

நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளும் சேர்ந்த திருவருகைக் காலத்தில் கோவில்களில் வைக்கப்படும் நான்கு திரி வளையத்தின் கதையையும் அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் அது மாளிகையில் தொடங்கிய வழக்கமல்ல. ஜேர்மனியில் ஹம்பேர்க் நகரின் ஓரத்தில் யோகான் ஹின்றிக் விச்சேர்ன் என்ற லூத்தரன் சபைப் போதகர் 1833 இல் கதியற்ற பிள்ளைகளுக்காக ஓர் இல்லத்தைத் தொடங்கினார். பாலன் பிறப்புக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் நாளும் பொழுதும் நச்சரித்தார்கள். 1839 இல் அவர் ஒரு பழைய வண்டிச் சில்லை எடுத்து, கிழமை நாள் ஒவ்வொன்றுக்கும் சிறிய சிவப்புத் திரியும் ஞாயிறு ஒவ்வொன்றுக்கும் பெரிய வெள்ளைத் திரியுமாக அதில் வைத்தார். நாளுக்கொன்றாகத் திரி ஏற்ற, பிள்ளைகள் தாங்களே எண்ணிக்கொண்டார்கள். பச்சைக் குழை சுற்றும் வழக்கம் பின்னர்தான் வந்தது. வீடுகளுக்குப் பரவியபோது திரிகள் நான்காகச் சுருங்கின. கத்தோலிக்கக் கோவிலொன்றில் இது முதன்முதல் தூக்கப்பட்டது 1925 இல், கொலோன் நகரில் என்பர். எமது கோவில்களில் இன்று காணும் மூன்று ஊதாத் திரிகளும் ஓர் இளஞ்சிவப்புத் திரியும் வழிபாட்டு நிறங்களை ஒட்டி அமைந்தவை. ஆக, வீடு இழந்த பிள்ளைகளுக்காக உடைந்த வண்டியின் சில்லில் தொடங்கிய ஒன்றைத்தான், இன்று கடையில் பிளாஸ்ரிக்கில் வாங்கி ஆணியில் மாட்டுகிறோம்.

இந்த இதழைப் படிப்போரில் அநேகர் சைவர் என்பதையும் நாம் மறக்கவில்லை. காரைநகரை எடுத்துக்கொண்டால் ஊரே சைவ ஊர்; மார்கழியில் ஈழத்துச் சிதம்பரத்துத் திருவாதிரைத் திருவிழாவுக்குத்தான் ஊர் திரளும். அவர்கள் நத்தார் வளையம் செய்ய வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஆனால் இங்கே சொல்லப்போகும் வளையம் தைப்பொங்கலுக்கும் வருடப்பிறப்புக்கும் படலையில் தொங்கக் கூடியதே. செய்கிற கை ஒன்றுதான்.

காரைநகரை உதாரணத்துக்கு எடுத்ததற்கு வேறு காரணமும் உண்டு. வளையத்துக்கு வேண்டிய இரண்டு முக்கிய பொருள்களும் அங்கே கிடைக்கின்றன: கசூரினாக் கடற்கரைச் சவுக்கு, வளவெல்லாம் நிற்கும் பனை. 1991 இல் அந்த ஊர் மக்கள் இடம்பெயர்ந்து, 1996 முதல் சிறிது சிறிதாகத் திரும்பினார்கள். திரும்பியோர் முதலில் பார்த்தது வீட்டுக் கூரையை. அடுத்ததாக எத்தனை பனை நிற்கிறது என்பதை. போர்க்காலத்தில் காப்பரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் குடாநாடெங்கும் பனை தறிக்கப்பட்டதை அறியாதவர் யார்? திரும்பாதவர்களும் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களில், வலிகாமம் வடக்கில் தம் காணி விடுவிக்கப்படாததால் இன்றும் உறவினர் வளவிலும் வாடகை வீட்டிலும் இருக்கும் குடும்பங்கள் உள்ளன. இவர்களையும் மனதில் வைத்தே எழுதுகிறோம்.

திருகணை முறுக்குதல்

வளையத்துக்கு அடிப்படை ஒரு வட்டம். கடைகளில் இதற்கென்று கம்பி வளையம் விற்கிறார்கள். அதை வாங்க வேண்டாம். அடிப்பக்கம் உருண்ட பானையும் சட்டியும் உருளாமல் இருக்க அடுக்களையில் வைப்போமே, திருகணை, அதுவே இந்த வட்டம். அதைச் சற்றுப் பெரிதாகவும் மெல்லிதாகவும் முறுக்கினால் வேலை முடிந்தது. எவர்சில்வர்ப் பாத்திரம் வந்த பின்னர் திருகணை முறுக்கத் தெரிந்த கைகள் குறைந்து வருகின்றன. வீட்டில் அம்மம்மா இருந்தால் அவரை வாசலில் இருத்தி, பிள்ளைகளை அவர் பக்கத்தில் இருத்திவிடுங்கள். நாம் எழுத்தில் சொல்வதிலும் பார்க்க அவர் கை விரைவாகச் சொல்லும்.

அப்படி ஒருவர் இல்லாத வீட்டுக்காகச் சொல்கிறோம். ஒரு பிடி வைக்கோல் எடுத்துக்கொள்ளுங்கள். காரைநகர் போன்ற மானாவாரி நெல் ஊர்களில் நத்தார் நேரம் வயல் பச்சையாக நிற்கும். புது வைக்கோல் கிடையாது. போன போக வைக்கோல் மாட்டுக் கொட்டிலில் இருந்தால் அதில் நீளமானதைப் பொறுக்குங்கள். வைக்கோல் இல்லாதவர்கள் காவோலையை ஈர்க்கு நீக்கிக் கிழித்துப் பயன்படுத்தலாம். காய்ந்த வாழைச் சருகும் உதவும். எதுவானாலும் சிறிது தண்ணீர் தெளித்து அரை மணி நேரம் ஈரச் சாக்கினால் மூடி வையுங்கள். காய்ந்தபடி முறுக்கினால் முறியும்.

பெருவிரல் இரண்டு சேர்த்த அளவு தடிப்பில், நாலடி நீளத்தில், ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டு போக வேண்டும். நுனி மெலியும் இடத்தில் புதிதாகச் சில தாள்களைச் செருகுங்கள். இந்த நாலடிப் புரியை வட்டமாக வளைத்து, இரு நுனியையும் அரையடி ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி முறுக்கினால் ஏறக்குறைய ஓரடி விட்டமுள்ள வளையம் வரும். வீட்டுக் கதவுக்கு இது போதும். இனி அதன் மேல் நார் சுற்ற வேண்டும். பனை மட்டையில் உரித்த நார் சிறந்தது. இல்லாவிட்டால் தென்னந்தும்புக் கயிறு. இரண்டு விரற்கடைக்கு ஒரு சுற்று, இறுக்கமாக. கடைசி நுனியை உள்ளே செருகி, தொங்கவிட ஒரு காது விட்டுவிடுங்கள். நைலோன் கயிறு வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் கட்டுரையின் கடைசியில் விளங்கும்.

மார்கழி மாரிகாலம். ஈரத்தோடு முறுக்கிய வைக்கோல் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்து மணக்கும். அடுப்புக்கு மேலே, நெருப்புச் சுவாலை எட்டாத உயரத்தில், புகை படும்படி இரண்டு நாள் தொங்கவிட்டால் நன்றாகக் காயும், பூச்சியும் வராது. எரிவாயு அடுப்புக்காரர் வெயில் வருகிற நேரம் பார்த்து வெளியே எடுக்க வேண்டியதுதான்.

பெரிய வளையம், உதாரணமாகக் கோவில் முகப்புக்கோ பாடசாலை ஒளிவிழாவுக்கோ வேண்டுமானால் வைக்கோல் தாங்காது. பழைய சைக்கிள் றிம் ஒன்று எடுத்து அதன் மேல் சாக்குத் துண்டைச் சுற்றுங்கள். கம்பிகள் கழன்ற றிம் எந்தச் சைக்கிள் திருத்தும் கடையின் பின்புறத்திலும் கிடக்கும். 1995 இல் எத்தனையோ குடும்பத்தின் முழுச் சொத்தையும் சுமந்து வந்தது சைக்கிள் சில்லுத்தான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அது ஒரு சாட்டு.

குழை கட்டுதல்

சவுக்கின் பச்சை ஊசிகள் என்று நாம் சொல்பவை உண்மையில் இலைகள் அல்ல, மெல்லிய கிளைகள். அதன் இலைகள் அந்தக் கிளையின் கணுக்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு பற்களாக இருக்கின்றன. நீரை இழக்கும் இலைப்பரப்பு அவ்வளவு குறைவாக இருப்பதால்தான், வேம்பும் பூவரசும் இரண்டு நாளில் வாடிச் சுருள, சவுக்கு நிழலில் இரண்டு கிழமை வரை நிறம் மாறாமல் நிற்கிறது. எமது பகுதி வீடுகளில் நத்தார் மரமாகச் சவுக்குக் கொப்பை நடுகிற வழக்கம் வந்ததும் இதனாலேயே எனலாம். பைன் மரம் கிடைக்காத குறைக்கு வந்த மாற்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எமது காற்றுக்கும் வெக்கைக்கும் இதுவே பொருத்தம்.

ஆனால் கசூரினாக் கடற்கரையில் நிற்கும் மரங்களை வெட்டக் கூடாது. அவை கடற்காற்றையும் மணலையும் தடுத்து நிற்பவை, ஊருக்குப் பொதுவானவை. மாரிக் காற்றுக்கு முறிந்து விழும் கொப்புகளே ஊருக்கெல்லாம் போதும். காற்றடித்த இரவுக்கு அடுத்த காலையில் போனால் பச்சையாகவே பொறுக்கலாம். கூடவே சவுக்கங்காய்களையும் பொறுக்கிக்கொள்ளுங்கள். அலங்காரத்துக்கு அவற்றைப் போல் வேறொன்றில்லை. உப்புக் காற்றுப் பட்ட கொப்பை நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் விரைவில் கருகும். கிணற்றில் நல்ல தண்ணீர் அருமையான தீவில் இதற்காகக் குடிநீரைச் செலவழிக்க வேண்டாம். தாழ்வாரத்தில் ஒரு வாளி வைத்தால் மழை நிரப்பித் தரும். அதில் ஓரிரவு ஊறட்டும்.

கடற்கரையும் சவுக்கும் இல்லாத வன்னிப் பகுதியினர் மாவிலை, பலாவிலை போன்ற தடித்த இலைகளைப் பயன்படுத்தலாம். கிழமைக்கொரு தடவை மாற்ற வேண்டிவரும். காட்டுக் குழை தேடிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மஞ்சள் நாடாவோ, மண்டையோடு வரைந்த பலகையோ, நெடுங்காலம் யாரும் மிதிக்காத பற்றையோ கண்டால் அந்தப் பக்கம் அடியெடுத்து வைக்காதீர்கள். பிள்ளைகளைத் தனியே அனுப்பவும் வேண்டாம். கண்ணிவெடி அகற்றும் வேலை வடக்கில் எத்தனை ஆண்டுகளாக நடந்தும், மழை கழுவி மேலே கொண்டுவரும் பொருள்கள் இருக்கவே செய்கின்றன. ஓர் அலங்காரத்துக்காகக் காலை இழப்பதா?

கட்டும் முறை இலகுவானது. சவுக்குக் கொப்பை ஐந்தாறு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, மூன்று நான்கை ஒரு பிடியாகச் சேர்த்து, அடியில் நாரால் கட்டுங்கள். இப்படி இருபது பிடி வேண்டும். முதற் பிடியைத் திருகணையின் மேல் படுக்க வைத்து இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். அடுத்த பிடியின் தலை முந்தியதன் கட்டை மறைக்க வேண்டும். எல்லாத் தலையும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஓட்டுக் கூரைக்கு ஓடு போடுவதும் கிடுகு வேய்வதும் இதே கணக்குத்தான். கூரை வேய்ந்த ஆண்கள் இந்த வேலைக்கு வரலாம். இது பெண்களின் வேலை என்று தள்ளி நிற்க வேண்டியதில்லை. கடைசிப் பிடியின் கட்டை முதற் பிடியின் தலையை நிமிர்த்தி அதற்குக் கீழே செருகி மறைத்துவிட்டால் தொடக்கமும் முடிவும் தெரியாது.

சிவப்புக்கு எதை வைப்பது?

குளிர் நாடுகளில் வளையத்துக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது ஹொலி என்ற முட்செடியின் பழம். எமக்குக் கமக்காரன் வீட்டுச் சிவப்பு ஒன்று கைவசம் இருக்கிறது: செத்தல் மிளகாய். காம்போடு நல்ல நிறமானதாக ஏழெட்டைத் தேர்ந்து, காம்புகளை நூலால் பிணைத்து, பூவிதழ் போல விரித்து வளையத்தின் அடிப்பக்கத்தில் கட்டிப் பாருங்கள். பிளாஸ்ரிக் பழத்தில் இல்லாத பளபளப்பு அதில் இருக்கும். சிறு வெங்காயம் ஐந்தாறைத் தாளோடு பின்னித் தொங்கவிட்டாலும் அழகே. மிளகாயும் வெங்காயமும் விளைவித்த கைகளுக்கு இதைவிடப் பொருத்தமான அலங்காரம் எமக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும்: மிளகாய் தொட்ட கையால் பிள்ளைகள் கண்ணைக் கசக்குவார்கள். அதைக் கட்டும் வேலை பெரியவர்களுக்கு.

சிவப்பைத் தேடுகிறவர் கண்ணில் வேலியில் முதலில் படுவது குண்டுமணியாகவே இருக்கும். அதை வளையத்தில் ஒட்ட வேண்டாம். அந்த மணி தோல் உடையாமல் இருக்கும்போது பேசாமல் இருக்கும். ஊசியால் துளைத்தாலோ பிள்ளை கடித்தாலோ உள்ளிருக்கும் கடும் நஞ்சு வெளிப்படும். மாரிகாலத்தில் வேலிகளில் பூக்கும் கார்த்திகைப் பூவும் அப்படியே. பூவிலும் தண்டிலும் கிழங்கிலும் நஞ்சு உண்டு. மஞ்சள் அலரியின் காய் எத்தனை உயிரை எமது ஊர்களில் குடித்தது என்பதை இங்கே விரிவாக எழுத விரும்பவில்லை. கள்ளிக் கொப்பு பார்வைக்கு நன்றாகவே இருக்கும்; அதன் பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. வாசலில் தொங்குவதைத் தவழும் பிள்ளை எட்டமாட்டாது என்று எண்ணாதீர்கள். உதிர்ந்தது நிலத்தில்தான் கிடக்கும்.

சிப்பியும் சோகியும் தீவுப் பிள்ளைகள் தாமாகவே கொண்டுவருவார்கள். பளபளக்கும் தாள், ரெஜிபோம், பொலித்தீன் பூ இவை வேண்டாம். சமய, சமூக நிகழ்வுகளில் பொலித்தீன் அலங்காரத்தை 2017 செப்டெம்பர் முதல் இலங்கைச் சட்டமே தடுத்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், மாட்டுக்கும் ஆட்டுக்கும் வயிற்றில் போய் அடைப்பது அதுதானே.

குருத்தோலை: அளவோடு

பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே மஞ்சள் கலந்த வெண்மையாகக் குருத்தோலை வேலைப்பாடு வந்தால் வளையம் எமது வளையமாகிவிடும். குருவி, கிளி, பூ, நட்சத்திரம் எதுவும் மடிக்கலாம். ஓலையைச் சத்தகத்தால் ஈர்க்கு நீக்கி ஒரே அகலத்தில் வார்ந்துகொள்ள வேண்டும். நட்சத்திரத்துக்கு விரலகலத்தில் ஒரு முழ நீளமான நான்கு வார்கள் போதும். குருத்தைக் கொண்டுவந்த அன்றே மடிப்பது நல்லது. மறுநாள் என்றால் ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். மடிப்பை எழுத்தில் விளக்கப் புகுந்தால் வாசகருக்கும் எமக்கும் தலை சுற்றும். தோரணம் கட்டத் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். மங்கல மடிப்பு எது என்றும் அவரிடமே தெளிந்துகொள்ளுங்கள்.

இங்கே கவலையோடு சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பனைக்கு வளரும் இடம் உச்சியில் ஒன்றே ஒன்று. மா, வேம்பு போலக் கிளை விட்டுத் தப்பிக்க அதற்குத் தெரியாது. குருத்தை வெட்டும் கத்தி சற்று ஆழமாக இறங்கி உள்மொட்டைக் காயப்படுத்தினால், அல்லது அந்தக் காயத்தில் வண்டும் மழைநீரும் இறங்கினால், மரம் பட்டுப்போகும். கையெட்டும் உயரத்தில் நிற்பதால் எல்லோரும் வெட்டுவது வடலியைத்தான். ஆனால் வெட்டக் கூடாததும் வடலியைத்தான். விதை முளைத்துப் பலன் தரப் பத்துப் பதினைந்து ஆண்டு எடுக்கும் மரம் அது. போரில் போன பனைகளின் இடத்துக்கு வரவேண்டியவை இந்த வடலிகளே. வளர்ந்த மரத்தில், ஏறத் தெரிந்தவரைக் கொண்டு, ஒரு மரத்துக்கு ஒரு குருத்து. அடுத்த ஆண்டு வேறு மரம். ஒரு குருத்தில் பல வீட்டு வளையங்களுக்கான ஓலை இருக்கிறது. பகிர்ந்துகொள்ளுங்கள். பனையைத் தறிக்க அரச அனுமதி வேண்டும் என்பதும், பனைக்கென்றே 1978 இல் ஒரு சபை அமைக்கப்பட்டது என்பதும் பலருக்குத் தெரியும். குருத்துக்கு அனுமதி கேட்க யாரும் இல்லை. ஆகவே அந்த அனுமதியை நாமே எமக்கு அளந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

விளக்கு வைப்போருக்கு

மேலே சொன்ன வளையம் தொங்கவிடுவதற்கு மட்டுமே. வைக்கோலும் நாரும் சவுக்கும் சேர்ந்தால் அது பந்தத்துக்குச் சமானம்; சவுக்குப் பச்சையாக இருக்கும்போதே எரியக் கூடியது. அதில் ஒருபோதும் மெழுகுதிரி செருகாதீர்கள். கிடுகுக் கொட்டிலில் ஒரு பொறி போதும் என்பதை முகாம்களில் வாழ்ந்தவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

நான்கு ஞாயிறும் திரி ஏற்றும் குடும்பங்கள் இதைச் செய்யலாம். தகரத் தட்டிலோ பழைய தாச்சியிலோ களிமண்ணைக் குழைத்து வளையமாக வையுங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே நான்கு பக்கமும் நான்கு சிட்டி விளக்கை அதில் அழுத்திப் பதித்துவிடுங்கள். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு எந்த ஆண்டிலும் நவெம்பர் 27 க்கும் டிசெம்பர் 3 க்கும் இடையிலேயே வரும். கார்த்திகை விளக்கீடும் அதை ஒட்டியே வருவதால் சந்தையில் சிட்டி மலிவாகக் கிடைக்கும் காலம் அது. அயல் வீட்டில் விளக்கீட்டுக்கு ஏற்றி முடித்த சிட்டிகளைக் கேட்டாலும் தருவார்கள். பச்சை வேண்டுமானால் சிறு கொப்புகளை வளையத்தின் வெளிப்புறத்தில் மட்டும், சுவாலையிலிருந்து ஒரு சாணாவது தள்ளி, ஈர மண்ணில் குத்தி, வாடுமுன் மாற்றுங்கள். தட்டைக் கூரைக்குக் கீழே உயரத்தில் வைக்காமல், விறாந்தை நிலத்தில் காற்றுப் படாத மூலையில் வைத்து, செபமோ பாட்டோ முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

நிறத் திரி இல்லையே என்று ஏங்க வேண்டாம். பொருளாதாரத் தடை இருந்த 1990 களில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். அதே வெளிச்சத்தில் நத்தாரும் வந்து போனது. நிறம் காட்ட விரும்பினால் சிட்டியின் வெளிப்புறத்தில் ஊதாப் பூசுங்கள். மூன்றாம் ஞாயிற்றுக்குரியது மட்டும் இளஞ்சிவப்பு. அந்த ஞாயிறு மகிழ்ச்சிக்குரியது.

படலை இல்லாதவர்கள்

"எங்கடை வாசலிலை கட்டுறதெண்டால் எங்களுக்கெண்டு ஒரு வாசல் வேணுமே" என்று கேட்போருக்கு எம்மிடம் இலகுவான மறுமொழி இல்லை. 2009 க்குப் பின் மெனிக் பாமில் கூடாரத் துணியே வாசலாக இருந்தது. அந்த முகாம் 2012 இல் மூடப்பட்டது. ஆனால் தகரக் கதவுக்குள்ளும் பிறர் வீட்டு அறைக்குள்ளும் நாட்கள் போகிற குடும்பங்கள் அதன் பிறகும் இருக்கின்றன. வாடகை வீட்டில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். அப்படியானால் வளையத்தை மேசையில் படுக்க வைத்து நடுவில் செம்பும் தண்ணீரும் வையுங்கள். திருகணை படுத்திருப்பதற்கே பிறந்தது. சொந்தக் காணி பார்க்கப் போய்வர அனுமதி கிடைத்தால், அங்கே வேலியில் நிற்கும் கதியாலில் இரண்டு இலை ஒடித்துவந்து வளையத்தில் செருகுவது பிள்ளைகளுக்கு ஊரின் பெயரை ஞாபகப்படுத்தும் ஒரு வழி. எந்தப் பக்கத்து வேலி, யார் நட்ட கதியால் என்று கேட்பார்கள். பதிலைத் தாத்தா சொல்லட்டும். காணி உறுதி தொலைந்த குடும்பங்களில் எல்லையை நினைவில் வைத்திருப்பவர் அவர் ஒருவராகவே இருக்கலாம். அதை ஒரு கொப்பியில் எழுதியும் வையுங்கள்.

விற்கலாமா என்று சிலர் கேட்பார்கள். விற்கலாம். ஆனால் பச்சை வளையம் இரண்டு கிழமைக்கு மேல் நில்லாதென்பதால், முன்கூட்டிச் செய்து அடுக்கி வைக்க முடியாது. கேட்டவருக்கே, கேட்ட எண்ணிக்கையே செய்ய வேண்டும். ஒளிவிழா வைக்கும் பாடசாலைகளிடமும் அலுவலகங்களிடமும் நவெம்பரிலேயே கேட்டு வைத்துக்கொள்வது புத்தி. பொருளுக்குச் செலவில்லை என்று கூலியை விட்டுவிடாதீர்கள். பழகிய கைக்கும் ஒரு வளையத்துக்கு இரண்டு மணி நேரம் போகும். அந்த இரண்டு மணிக்கு வெங்காயம் நடப் போனால் என்ன கூலியோ அதைவிடக் குறைந்த விலைக்குக் கொடுப்பது நியாயமல்ல.

சனவரி 6 ஐ ஒட்டி மூவிராசாக்கள் திருநாள் முடிய வளையத்தைக் கழற்றுவது வழக்கம். மிளகாய் தூசி படாமல் இருந்தால் துடைத்து வெயிலில் காயவிட்டுக் கறிக்கு எடுங்கள். சிப்பியும் சவுக்கங்காயும் அடுத்த ஆண்டுக்கு ஒரு குட்டானில் இருக்கட்டும். குருத்தோலையையும் குழையையும் நாரோடு சேர்த்துப் பசளைக் கிடங்கில் போடலாம்; நைலோன் வேண்டாம் என்றது இதற்குத்தான். எஞ்சுவது வைக்கோல் திருகணை. அதைத் தட்டித் துடைத்து எடுத்து வையுங்கள். தைப்பொங்கல் ஒரு கிழமைதான். அடுப்பால் இறக்கும் பானைக்கு அது வேண்டும்.